போனில் மனநலச் சிகிச்சை: மகளின் பக்கத்தில் நான் உட்காரலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில் (மலைக் கிராமத்தில்) வசிக்கிறோம். ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. இலை பறிப்பு, வீட்டு வேலை என்று பொழுது போய்விடும். மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பள்ளிக்கூடம் என்றாலே காலையில் வயிற்றுவலி என்கிறாள். தூங்க இரவு இரண்டு மணி ஆகிறது. கலகலவென்று பேசியவள், இப்போது கேட்டதற்கும் பதில் சொல்வதில்லை. ஆன்லைன் கவுன்சலிங்கில் சேர்க்கும்படி பள்ளியில் சொன்னார்கள். முகம் தெரியாத ஒருவரிடம் போனில் பேசி என்ன சரியாகும்? நான் பக்கத்தில் உட்காரலாமா? அவள் சொல்வதை எங்களிடம் சொல்வார்களா? ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று அவள் அப்பா தயங்குகிறார். சில மாதங்களாக எனக்கும் இரவில் நெஞ்சு படபடத்து விழிப்பு வந்துவிடுகிறது. நானும் இப்படிப் பேசலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத தாய், நீலகிரி

மருத்துவர் பதில்:

தொடக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள், அம்மா. பிறகு எழுந்து வெளியே போய்விடுங்கள். உங்கள் கேள்விகளில் இதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. மற்றவற்றைக் கவுன்சலரும் மருத்துவரும் பார்த்துக்கொள்வார்கள். வெளியே போய் அந்த அறைக் கதவை அடைப்பது மட்டும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணிடம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். உங்கள் மகள் வயதுதான். நான் எதைக் கேட்டாலும் அவள் கண்கள் திரைக்கு இடப்பக்கம் ஒரு நொடி போய்த் திரும்பும். நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், பள்ளியில் ஒன்றும் பிரச்சினை இல்லை என்றாள். இருபது நிமிடம் போயிருக்கும். இடப்பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு, அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டது. அம்மாவின் கை. பாசத்தில் நீண்ட கைதான், ஆனால் அன்று எனக்குக் கிடைத்த பதில்கள் அத்தனையும் அந்தக் கைக்காகச் சொன்னவை. அடுத்த வாரம் அம்மா வெளியே போன பிறகுதான் தெரிந்தது, மூன்று வாரமாக அவள் தட்டுச் சோற்றை நாய்க்குப் போட்டு வந்திருக்கிறாள்.

அந்த முதல் பத்து நிமிடம் எதற்கு என்றால், மைனர் வயதில் இருப்பவருக்கு மருத்துவர் தொலைவழியில் ஆலோசனை தரும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும், அவர் யார் என்பதை மருத்துவர் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. கவுன்சலர்களும் பெற்றோர் சம்மதத்தைக் கேட்பார்கள். உங்கள் பெயர், வீடு இருக்கும் இடம், அவசரம் என்றால் அழைக்க இன்னொரு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார்கள். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறாள், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததுண்டா என்று கேட்பார்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு எழுந்துகொள்ளுங்கள்.

வெளியே போவது என்பது நம் மலை வீடுகளில் அவ்வளவு எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். இரண்டு அறைக்கு நடுவில் பலகைத் தடுப்பு, மேலே தகரம் அல்லது ஓடு. ஒருவர் இருமினால் வீடு முழுவதும் கேட்கும். என்னிடம் பேசுகிறவர்களில் ஒருவர் நிறுத்தி வைத்த ஜீப்பில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பேசுவார். இன்னொரு பையன் தேயிலைச் செடிகளுக்கு நடுவே, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் பாறையில் உட்கார்ந்து பேசுவான். உங்கள் வீட்டில் எது முடியும் என்று பாருங்கள். ஹெட்போன் போட்டால் பாதிப் பேச்சு வெளியே கேட்காது. கதவுக்கு வெளியே ரேடியோவைப் பாட விடுங்கள். மாமனார், மாமியார் உடன் இருந்தால் அந்த ஒரு மணி நேரம் அவர்களைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போங்கள். முடித்துவிட்டு வந்ததும் ‘என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய்’ என்று கேட்காதீர்கள். டீ போட்டுக் கொடுங்கள், போதும்.

முகம் தெரியாதவரிடம் பேசி என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கு வீடியோ வழியாகத் தரும் பேச்சுச் சிகிச்சை, நேரில் தருவதற்கு ஏறக்குறைய இணையாகப் பலன் தருகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மலைப்பாதை 33 கிலோமீட்டர், அதற்கப்புறம்தான் கோவை. வாரா வாரம் ஒரு நாள் கூலியையும் பள்ளியையும் விட்டுவிட்டுப் போய்வருவது எத்தனை வாரம் நடக்கும்? நான்காவது வாரம் நின்றுவிடும் நேர் சிகிச்சையைவிட, பன்னிரண்டு வாரம் தொடரும் போன் சிகிச்சை மேல் என்றே நான் நினைக்கிறேன்.

பொதுவாக வாரத்துக்கு ஒரு முறை, 45 அல்லது 50 நிமிடம். முதல் முறை பெரும்பாலும் கேள்விகள்தான். தூக்கம், பசி, படிப்பு, தோழிகள், போனில் செலவாகும் நேரம் என்று கேட்பார்கள். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லலாம். அதில் கடைசிக் கேள்வி, செத்துப்போகலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. அதைப் பார்த்துப் பதறாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. இருந்தால் வெளியே வரும், மனபாரமும் குறையும்.

இரண்டாவது, மூன்றாவது முறைகளில் அவள் வாயே திறக்காமல் இருக்கலாம். கேமராவை அணைத்துவிட்டு வெறும் குரலில் பேசலாம், எழுதி அனுப்பலாம். நல்ல கவுன்சலர் இதற்கெல்லாம் இடம் கொடுப்பார். ‘பணம் கொடுத்தும் பேசமாட்டேன் என்கிறாளே’ என்று அவள் காதில் விழச் சொல்லிவிடாதீர்கள். மூன்று, நான்கு முறைக்குப் பிறகும் அவருடன் ஒட்டவில்லை என்று அவளே சொன்னால் வேறொருவரை மாற்றிக்கொள்ளலாம். அவரும் தவறாக நினைக்கமாட்டார்.

இந்தப் பதற்றத்துக்குப் பொதுவாக 8 முதல் 16 சந்திப்புகள் தேவைப்படும். வெறும் பேச்சு மட்டுமல்ல, வீட்டுப்பாடமும் உண்டு. காலை வயிற்றுவலி பொய்யல்ல. பயம் குடலை முறுக்கும், அவளுக்கு உண்மையாகவே வலிக்கிறது. ஆனால் வீட்டிலேயே இருக்க இருக்க அந்தப் பயம் வளரும். ஆகவே கவுன்சலர் படிப்படியாகப் பள்ளிக்குத் திரும்பச் சொல்வார்: ஒரு நாள் பள்ளி வாசல் வரை, அடுத்த வாரம் இரண்டு பாடவேளை, பிறகு அரை நாள். தலைமையாசிரியரிடம் பேசி இதற்கு ஒப்புதல் வாங்குவதுதான் உங்கள் கணவரும் நீங்களும் செய்ய வேண்டிய வேலை.

அதற்கு முன்னால் ஒரு முறை கோத்தகிரி அரசு மருத்துவமனையில் அவளைக் காட்டி ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்துவிடுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்றும் சொல்லுங்கள். இந்த வயதுப் பெண்களிடம் ரத்தசோகை சோம்பலாகவும் எரிச்சலாகவும் வெளிப்படுவதை நிறையப் பார்க்கிறேன்.

அவள் சொல்வதை உங்களிடம் சொல்வார்களா? பெரும்பாலும் விவரமாகச் சொல்லமாட்டார்கள், சொல்லாமல் இருப்பதே அவளுக்கு நல்லது. மனநலச் சிகிச்சையின் ரகசியம் வெளியாருக்குப் போகாமல் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் காக்கிறது. ஊருக்குத் தெரியும் என்ற உங்கள் கணவரின் அச்சத்துக்கும் இதுவே பதில். அவர் தயக்கத்தை நான் குறைவாக நினைக்கவில்லை, எல்லாரையும் எல்லாரும் அறிந்த ஊரில் அது இயல்பு. போனில் பேசுவதில் அவருக்கு ஒரு வசதியும் உண்டு: மருத்துவமனை வாசலில் யாரும் பார்க்கப் போவதில்லை. ரகசியத்துக்கு விலக்குகளும் இருக்கின்றன. அவள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உங்களிடம் சொல்வார்கள். யாராவது அவளிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியது தெரிந்தால், போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் தந்தாக வேண்டும். இந்த விலக்குகளை முதல் நாளே அவளிடம் விளக்குகிறாரா என்று கவனியுங்கள். விளக்காதவரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

யாரிடம் சேர்ப்பது என்பதில் அவசரம் வேண்டாம். கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிடும் காலம் இது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். மாத்திரை எழுத மருத்துவரால்தான் முடியும், உளவியலாளர் எழுதக் கூடாது. எண்ணைக் கேளுங்கள். பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் பழகிய அனுபவம் உண்டா, கட்டணம் எவ்வளவு, வர முடியாமல் போனால் பணம் பிடிப்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள். போனில் தானாகப் பதில் எழுதும் ஆப்களைச் சிகிச்சை என்று எண்ணி அவளை அதனிடம் விட்டுவிடாதீர்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே ஆளிடம் பேசும் தொடர் சிகிச்சைக்கு அது ஈடாகாது. ஆனால் இன்று இரவே உங்கள் கணவரும் நீங்களும் பேசிப் பார்க்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரிப் பக்கம் கரண்ட் போனால் டவரும் சேர்ந்து படுத்துவிடும். அழைப்பு அறுந்தால் யார் திரும்ப அழைப்பது, ஐந்து நிமிடத்தில் கிடைக்காவிட்டால் எந்த எண்ணில் சாதாரணக் குரல் அழைப்பு என்று முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அழுதுகொண்டிருக்கும்போது திரை உறைந்துபோவது கொடுமையான அனுபவம். தன்னைப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றும்.

தோட்டம் வைத்திருக்கிறீர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் எங்கே இருக்கின்றன? வீட்டுத் திண்ணையிலோ விறகுக்கொட்டகையிலோ திறந்த டப்பாவில் இருந்தால், இன்றே பூட்டிய பெட்டிக்கு மாற்றுங்கள். சாவி உங்கள் கணவரிடம் இருக்கட்டும். வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரைகள் இருந்தால் அவற்றையும் பூட்டி வையுங்கள். உங்கள் மகளுக்கு அந்த எண்ணம் இருப்பதாக உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. ஆனாலும் மனம் சோர்ந்த பிள்ளை இருக்கும் வீட்டில் இது செய்ய வேண்டிய காரியம். கை எட்டும் தூரத்தில் விஷம் இல்லாமல் இருப்பதே எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்கிற மாதிரி அவள் பேசினாலோ, தனக்குப் பிடித்த பொருட்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, கையில் வெட்டுக்காயம் தெரிந்தாலோ அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டாம். அவளைத் தனியாக விடாமல் 108-ஐ அழைத்து, உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரில் கூட்டிப்போங்கள். காதில் குரல் கேட்கிறது என்றாலும், சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டாலும் அப்படித்தான். இவை திரையில் பார்க்கும் நோய்கள் அல்ல.

உங்களைப் பற்றி ஒரே வரியில், அதுவும் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். மகளுக்காக வரும் அம்மாக்கள் பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். நெஞ்சுப் படபடப்புக்கு முதலில் இரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., தைராய்டு, ஹீமோகுளோபின் பாருங்கள். நாற்பதைத் தாண்டிய வயதில் மாதவிடாய் மாறுவதாலும் இப்படி வரும். நெஞ்சில் வலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எல்லாம் சரியாக இருந்தும் படபடப்பு போகவில்லை என்றால், தாராளமாக நீங்களும் பேசலாம். மகளின் கவுன்சலரிடம் வேண்டாம், வேறொருவரிடம் பேசுங்கள். தான் சொன்னது அம்மாவுக்குப் போகிறதோ என்ற சந்தேகம் அவளுக்கு வந்துவிடக் கூடாது. இலை எடுக்காத நாளாகப் பார்த்து நேரம் வாங்குங்கள். அந்த ஒரு மணி நேரம் அடுப்பை உங்கள் கணவர் பார்த்துக்கொள்ளட்டும்.