புது யோசனை எப்படிப் பிறக்கிறது? பட்டறை அண்ணாச்சியிடம் கேளுங்கள்

குலசேகரம்: நல்ல யோசனை திடீரென்று உதிப்பதுதானே, அண்ணாச்சி?

உங்கள் ஊர் ரப்பரையே எடுங்கள். 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகம் கலந்த ரப்பரைத் தவறிப்போய்ச் சூடான அடுப்பில் போட்டார், அது உருகாமல் தோல்போல் ஆனது என்பார்கள். அதற்கு முன் பல வருடம் கண்டதையெல்லாம் ரப்பரில் கலந்து பார்த்தவர். கடனால் சிறைக்கும் போனவர். வேறு யாராவது என்றால் அடுப்பைச் சுரண்டிவிட்டுப் போயிருப்பார்கள். காப்புரிமை வாங்கவே 1844 ஆயிற்று.

மார்த்தாண்டம்: இதற்கு எந்தக் கோர்ஸ் படிக்கலாம்?

ஆறு மாதம் ஒரு வெல்டிங் பட்டறையில் நில்லுங்கள்.

தக்கலை: தேங்காய் உரிக்கப் புதுக் கருவி செய்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டுக் கருத்து கேட்கலாமா?

கூடாது! முதலில் காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். முழு விவரம் கொடுக்க 12 மாதம் கிடைக்கும். ஊருக்கெல்லாம் காட்டிவிட்டுப் போனால் ‘இது புதிதல்ல’ என்று தள்ளிவிடுவார்கள்.

குளச்சல்: முட்டத்தில் பிளைவுட் வள்ளம் செய்தது பெல்ஜியத்துப் பியர் ஜில்லே. நம்மாட்களுக்கு மூளை இல்லை என்று ஒத்துக்கொள்ளுங்களேன்.

மாட்டேன். கட்டுமரத்துக்கான மரம் கிடைப்பது கஷ்டமாகி, விலையும் ஏறியபோதுதான் அந்தத் தேவையே வந்தது. துறைமுகம் இல்லாத கரையில் அலையைத் தாண்ட வேண்டும், மணலில் இழுத்தேற்ற வேண்டும். எது கவிழும், எது தாங்கும் என்பது தினமும் கடலுக்குப் போகிறவனுக்குத்தான் தெரியும். வரைபடம் அவருடையது, குறை சொல்லித் திருத்தியது கரை.

குளச்சல்: குறை சொல்வது கண்டுபிடிப்பா?

பாதி கண்டுபிடிப்பு அதுதான், ஓய்! ஆனால் உம் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. சோதனை வள்ளம் உடைந்தால் மீனவன் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த நஷ்டத்தைத் தாங்க வேறொருவர் வேண்டும். அது கிடைக்காமல் நம் கரையில் எத்தனை யோசனை மட்கிப்போயிருக்கும்!

நாகர்கோவில்: அண்ணாச்சி, என் கருவியை வாட்ஸ்அப்பில்...

மேலே தக்கலைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கருங்கல்: யூடியூபில் போடலாமா?

அதுவும் அதேதான்!

தக்கலை: அண்ணாச்சி, நேற்றே மூன்று குரூப்பில் போட்டுவிட்டேன்.

சரி. இன்றே எடுத்துவிட்டு, நாளைக் காலை ஒரு காப்புரிமை வக்கீலைப் பாருங்கள். போட்ட தேதியை அவரிடம் மறைக்காதீர்கள்.