'ஆமா' போட ஓர் ஆள் வேண்டும்

(வானொலியில் முப்பது ஆண்டுகள் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: எங்கள் ஊர்ச் சமுதாய வானொலியில் வட்டார எழுத்தாளர்கள், கவிஞர்கள், கலைஞர்களுக்காக வாரம் அரை மணி நேரத்தை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். யாரிலிருந்து தொடங்கலாம்?
வாசகி, கோவில்பட்டி

பதில்: கரிசல் மண்ணில் இருக்கிறீர்கள். ஆளுக்கா பஞ்சம்? திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினால் சிறிது நேரத்தில் இடைசெவல். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் 1923 செப்டம்பரில் அந்த ஒரே ஊரில் பிறந்தவர்கள். முன்னவருக்கு 1970-லும் பின்னவருக்கு 1991-லும் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நாகஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்ததும் உங்கள் ஊரில்தான். சிலையைத் தினமும் கடந்து போவீர்கள்.

ஆனாலும் முதல் நிகழ்ச்சியை இவர்களைப் பற்றி வைக்காதீர்கள். இவர்களுடைய எழுத்து நூலகத்தில் இருக்கிறது, இசை ஒலித்தட்டில் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்துப் பேசினாலும் ஒன்றும் குறையாது. எழுபது வயதைத் தாண்டிய, இதுவரை யாரும் குரலைப் பதிவு செய்யாத ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். கும்மிப் பாட்டுக் கட்டுகிறவராகவோ, தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே நோட்டுப் புத்தகத்தில் கவிதை எழுதுகிறவராகவோ இருக்கலாம். அவர்தான் முதலில்.

சமுதாய வானொலிக்கு 100 வாட் சக்திதான் அனுமதி. பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் ஒலி அடங்கிவிடும். இதை ஒரு குறையாகப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்த எல்லைக்குள் கேட்கிறவருக்குப் பாடுகிறவரின் வீடு தெரியும், தகப்பனார் பெயர் தெரியும். டீக்கடையில் நிறுத்தி, "நேற்று உங்கள் பாட்டுக் கேட்டேன்" என்று சொல்வார்கள். பெரிய நிலையத்தில் பாடியவர்களுக்கு அந்த மகிழ்ச்சி அபூர்வமாகத்தான் வாய்த்தது.

கேள்வி: வில்லுப்பாட்டுக் கலைஞர் ஒருவரை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் பேட்டி எடுத்தேன். கோயில் கொடை விழாவில் மூன்று மணி நேரம் பாடுகிறவர், மைக் முன்னால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். என்ன தவறு செய்தேன்?
வாசகர், நாங்குநேரி

பதில்: அவரைத் தனியாக அழைத்ததுதான் தவறு. நானும் இதையே செய்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன், வில்லுப்பாட்டில் கதை சொல்லிப் பாடும் புலவர் ஒருவரைப் பேட்டிக்கு வரவழைத்தோம். பின்பாட்டுப் பாடுகிறவர், குடமும் உடுக்கையும் அடிக்கிறவர்கள் யாரும் வரவில்லை. பேச்சுத்தானே, அவர் ஒருவர் போதும் என்று நானே சொல்லிவிட்டேன். வெள்ளைத் துண்டை மடியில் போட்டுக்கொண்டு கதையைத் தொடங்கினார். ஒரு வரி சொன்னார், நிறுத்தினார். வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். அடுத்த வரி, மறுபடி அதே பக்கம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு மறதியோ என்று பயமாக இருந்தது. நாடாவை நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கேட்டேன். "தம்பி, 'ஆமா' போட ஆள் இல்லையே" என்றார்.

ஐம்பது வருடமாக அவர் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலிருந்து ஓர் 'ஆமா' வந்திருக்கிறது. அந்த 'ஆமா'வில்தான் அவர் மூச்சு வாங்குவார், அடுத்த வரியைப் பிடிப்பார். நான் அவருடைய வலது பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல 'ஆமா', 'அப்படியா', 'பெறகு?' என்று போட்டேன். நாற்பது நிமிடம் பேசினார். துண்டு மடியிலிருந்து தோளுக்குப் போனது, தோளிலிருந்து கைக்கு வந்தது, வில்லைத் தட்டும் வீசுகோலாக மாறி மேசையைத் தட்டத் தொடங்கியது. அந்தத் தட்டல் சத்தத்தையும் நான் வெட்டவில்லை.

அடுத்த முறை குழுவோடு அழையுங்கள். ஒரே மைக்கை நடுவில் வைத்தால் குடத்தின் அதிர்வு குரலை விழுங்கிவிடும். புலவருக்கு ஒரு மைக்கை அருகிலும், மற்றவர்களுக்கு ஒன்றைச் சற்றுத் தள்ளியும் வையுங்கள். குடம் அடிப்பவரை மைக்குக்கு எதிரே உட்கார வைக்காமல் பக்கவாட்டில் உட்கார வைத்தால் பாதித் தொல்லை தீரும். சத்திரம்புதுக்குளத்தில் பிறந்து இந்தக் கலையை வானொலி வழியாகவும் தமிழ்நாடு முழுவதும் கொண்டுபோனவர் சுப்பு ஆறுமுகம். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார், அடுத்த ஆண்டு மறைந்தார். கிடைக்கிற அவருடைய பதிவுகளை ஒரு முறை பின்பாட்டை மட்டும் கவனித்துக் கேளுங்கள். நான் சொல்வது விளங்கும்.

கேள்வி: என் சிறுகதையை வட்டார வழக்கிலேயே வாசித்தேன். 'நல்ல தமிழில்' மாற்றிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
வாசகர், விளாத்திகுளம்

பதில்: கூடாது. கரிசல் சொற்களுக்கென்றே கி.ரா. ஓர் அகராதி தொகுத்தார். அந்தச் சொற்களை உங்கள் வாயால் கேட்பதற்குத்தானே நிகழ்ச்சி? நிகழ்ச்சி அறிவிப்பு பொதுத் தமிழில் இருக்கட்டும். கதை உங்கள் அம்மா பேசிய தமிழில் இருக்கட்டும். புரியாத சொல் வந்தால் கதைக்கு முன் அறிவிப்பாளர் ஒரு வரியில் பொருள் சொல்லிவிடலாம். இதை அவர்களிடம் பணிவாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: மறைந்த எழுத்தாளர்களின் கதைகளை வானொலியில் வாசிக்க அனுமதி வேண்டுமா?
வாசகி, தென்காசி

பதில்: எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளிடம் இருக்கும். அவர்களிடம் எழுதி வாங்குங்கள். அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கு அந்தக் கவலை இல்லை. 1948-ல் மறைந்த புதுமைப்பித்தனைத் தாராளமாக வாசிக்கலாம். அனுமதி தேவையில்லாதபோதும் குடும்பத்தாருக்கு ஒலிபரப்பு நாளைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்க வேண்டாமா?

கேள்வி: என் பாட்டி நன்றாக ஒப்பாரி பாடுவார். கைப்பேசியில் பதிவு செய்தால் வானொலித் தரத்துக்கு வருமா? நல்ல கருவி வாங்கும்வரை காத்திருக்கலாமா?
வாசகி, சங்கரன்கோவில்

பதில்: காத்திருக்காதீர்கள்.

நான் வேலை பார்த்த இடத்தில் காந்தநாடா தட்டுப்பாடு. ஒலிபரப்பாகி முடிந்த நாடாவை அழித்து, அதிலேயே அடுத்ததைப் பதிவு செய்வது வழக்கம். ஒரு மூதாட்டி, இறந்துபோன தன் மகனை நினைத்துப் பாடிய ஒப்பாரியை அவர் வீட்டுத் திண்ணையில் பதிவு செய்து வந்திருந்தேன். இடையில் ஒரு சேவல் கூவும். அவர் ஒரு நொடி நின்று, அந்தச் சேவலையும் பாட்டுக்குள் இழுத்துக்கொள்வார். நான் பத்து நாள் விடுப்பில் போய்த் திரும்பியபோது அந்த நாடாவில் வேறு ஏதோ உரை இருந்தது. அந்த அம்மாவும் அதே வருடம் போய்விட்டார். உறையிலிருந்து நான் உரித்தெடுத்த சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'ஒப்பாரி, 14 நிமிடம்' என்று என் கையெழுத்தில்.

ஆகவே இன்று இரவே பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சுவர்க்கடிகாரத்தை வெளியே எடுத்து வையுங்கள். கைப்பேசியைப் பாட்டியின் வாய்க்கு ஒரு முழத் தூரத்தில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். தொடக்கத்திலேயே பாட்டியின் பெயர், ஊர், தேதி மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைத்திருங்கள். பாட்டி பாடும்போது எதிரே உட்காராதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். கை எட்டும்படி.