கள்ளிக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

மாடித் தோட்டம்: கேள்வி - பதில்

கேள்வி: சார், போன வருஷம் கிரகப்பிரவேசத்துக்கு வந்த அன்பளிப்பு, மஞ்சள் முள் வைத்த உருண்டைக் கள்ளி. டென்னிஸ் பந்தைவிடச் சற்றுப் பெரியது. பளபளப்பான பீங்கான் தொட்டி. வாரம் ஒரு டம்ளர் தண்ணீர், அதுவும் அளந்துதான் ஊற்றுகிறேன். ஐப்பசி மழையில்கூட நனையவிடவில்லை. இப்போது மண்ணை ஒட்டிய இடம் பழுப்பாகி, தொட்டால் செடியே ஆடுகிறது. தண்ணீர் போதவில்லையா? - ஒரு வாசகி, தாம்பரம்.

பதில்: போதவில்லை என்று நினைத்து இன்னொரு டம்ளர் ஊற்றியிருந்தீர்கள் என்றால் இந்தப் பதிலை இங்கேயே முடித்துவிடலாம். ஊற்றவில்லை என்று நம்பி எழுதுகிறேன், அம்மா.

பழுப்பு என்றதும் பயந்துவிட வேண்டாம். வயதான கள்ளிக்கு அடியில் மரப்பட்டை போலக் கெட்டியாகச் சொரசொரப்பு ஏறும். அது நோயில்லை. ஆனால் விரலால் அழுத்தும்போது கனிந்த சப்போட்டா மாதிரி அமுங்கினால், அதுவும் செடி ஆடினால், வேர் போய்விட்டது என்று அர்த்தம். உங்களுடையது இரண்டாவது ரகம்.

இன்றைக்கே தொட்டியிலிருந்து எடுங்கள். பழைய செய்தித்தாளை நாலாக மடித்து, பெல்ட் மாதிரி செடியைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினால் முள் குத்தாது. மண்ணை உதறிவிட்டு வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் கெட்டியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்திருக்கும். இழுத்தால் தோல் உரிந்து கையோடு வரும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். சாக்கடை வாடையும் அடிக்கும்.

இனி கத்தி வேலை. இதை நான் கற்றுக்கொண்டது 2015-இல். அந்த நவம்பரில் மட்டும் சென்னையில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. நான் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். மாம்பலத்து மொட்டை மாடியில் 22 கள்ளிகள், ஒவ்வொன்றின் அடியிலும் அழகுக்கு ஒரு தட்டு. அந்தத் தட்டு வைத்த புத்திசாலி நான்தான். திரும்பி வந்தபோது தட்டெல்லாம் தளும்பிக்கொண்டிருந்தது. ஐந்தைத்தான் மீட்க முடிந்தது. அதில் ஒன்று உங்களுடையதைப் போன்ற மஞ்சள் முள் உருண்டை; ஆறு வருஷம் வளர்த்தது.

பழம் நறுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, அடியிலிருந்து முள்ளங்கி வில்லை போடுவது மாதிரி நறுக்கினேன். முதல் வில்லை கூழ். இரண்டாவது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் வளையமாகத் தெரியும் நரம்பில் டீக்கறை மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகள். அந்த ஒரு புள்ளியை விட்டாலும் அழுகல் மேலே ஏறிவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயை நாமே மேலே கொண்டுபோய்ப் பூசுகிறோம். ஆறாவது வில்லையில்தான் வளையம் சுத்தமாக வந்தது. மிஞ்சியது சாத்துக்குடி அளவு. உங்களுக்கு உச்சிவரை பழுப்பு ஓடியிருந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு மண்ணோடு தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சுத்தமான சதை கிடைத்தால், வெட்டின விளிம்பைப் பென்சில் சீவுவது போலச் சுற்றிலும் சாய்வாகச் சீவுங்கள். காயும்போது நடுச்சதை உள்வாங்கும், தடித்த தோல் சுருங்காது. சீவாவிட்டால் வேர் விட வேண்டிய இடம் குழிக்குள் போய் மண்ணைத் தொடாமல் நிற்கும். பிறகு கந்தகப் பொடி தூவி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் ஒரு காலி டம்ளரின் வாய்மேல் உட்கார வையுங்கள். அந்த டம்ளருக்கு இனி இதுதான் வேலை. வெட்டுவாய் கெட்டியாகத் தோல் கட்ட இரண்டு வாரமாவது ஆகும். அப்புறம் காய்ந்த கலவைமேல் வைத்தால் போதும், புதைக்க வேண்டாம். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. உருண்டைக் கள்ளி வேர் விட இரண்டு மூன்று மாதம்கூட எடுக்கும். அதற்குள் கொஞ்சம் சுருங்கும். சேமிப்பில் இருந்து சாப்பிடுகிறது, அவ்வளவுதான். லேசாக அசைத்தால் பிடித்து நிற்கிறதா, அன்றைக்கு முதல் தண்ணீர்.

சரி, அளந்து ஊற்றியும் ஏன் அழுகியது? ஜூன் மாதத்தில் ஒரு டம்ளர் மூன்று நாளில் காய்ந்துவிடும். நவம்பரில் அதே டம்ளர் இரண்டு வாரம் தொட்டிக்குள்ளேயே கிடக்கும். காற்றே ஈரம், பீங்கான் பக்கவாட்டில் உறிஞ்சாது, நர்சரிக்காரர்கள் தூக்க லேசாக இருக்கட்டும் என்று வைக்கும் தென்னைநார்த் தூளோ ஸ்பாஞ்சு. மண் இடுக்கில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நின்றால் வேர் மூச்சு முட்டிச் சாகும். செத்த வேரில் பித்தியம், ஃபியூசேரியம் போன்ற அழுகல் கிருமிகள் குடியேறும். அதனால் காலண்டரைப் பார்த்து ஊற்றாதீர்கள். ஐஸ் குச்சியை அடிவரை செருகி எடுத்துப் பாருங்கள், குச்சி காய்ந்து வந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஊற்றும்போது ஸ்பூனால் ஊட்டாமல், அடித்துளை வழியே ஓடும்படி தாராளமாக ஊற்றி வடியவிடுங்கள்.

தொட்டி மண்சட்டியாக, செடியைவிட இரண்டு விரல் மட்டுமே அகலமாக இருக்கட்டும். என் கலவை: சல்லடையில் மேலே தங்கும் கொரகொர மணல் இரண்டு பங்கு, பட்டாணி அளவு செங்கல் துண்டும் அடுப்புக்கரியும் சேர்ந்து ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்குக்கும் குறைவு. அடியில் ஜல்லி பரப்பினால் நீர் வடியும் என்பார்கள். வடியாது. மேல்மண் முழுக்க ஊறிய பிறகுதான் நீர் ஜல்லிக்குள் இறங்கும். ஈரம் வேருக்கு இன்னும் கிட்டே வந்து நிற்கும். துளைமேல் ஒரு ஓட்டுத்துண்டு போதும்.

இந்தச் செடிக்குத் தண்ணீர்க் கண்டம் ராசியிலேயே இருக்கிறது போல. சொந்த ஊர் மெக்சிகோவின் கெரேத்தாரோ பக்கத்து மலைச்சரிவு. 1990-களில் அங்கே சிமாபான் அணை கட்டியபோது, இது காடாக வளர்ந்த பள்ளத்தாக்கில் பெரும்பகுதி நீருக்குள் போய்விட்டது.

கேள்வி: சிவப்புத் தலை வைத்த கள்ளியில் அடியிலுள்ள பச்சைத் தண்டு மட்டும் அழுகிவிட்டது. தலை நன்றாக இருக்கிறது. அதைத் தனியாக நடலாமா? - ஒரு வாசகர், கும்பகோணம்.

பதில்: நடக்கூடாது, பிழைக்காது. அது ஒட்டுச்செடி. சிவப்புத் தலையில் பச்சையமே கிடையாது, சமைத்துப் போடுவது அடித்தண்டுதான். டிராகன் பழத் தண்டு ஒன்று கிடைத்தால் இரண்டையும் தட்டையாக வெட்டி, உள்வளையம் உள்வளையத்தைத் தொடும்படி வைத்து, ரப்பர் பேண்டால் தொட்டியோடு சேர்த்து இழுத்துக் கட்டுங்கள். பத்து நாள் நிழல். ஒட்டினால் அதிர்ஷ்டம்.

கேள்வி: வேரழுகலுக்குப் பட்டைப் பொடி போடச் சொல்கிறார்களே? - ஒரு வாசகி, மதுரை.

பதில்: வெட்டின காயத்தில் தூவலாம், காய உதவும். அழுகிக்கொண்டிருக்கும் செடியின் மண்ணில் கொட்டினால் பிரியாணி வாசனை வரும், செடி வராது.