14 வயதுப் பையன் வெயிட் தூக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. கால்பந்து என்றால் உயிர். இந்த ஆறு மாதத்தில் மளமளவென்று உயர்ந்துவிட்டான், ஆனால் ஒல்லி. டீமில் மற்றப் பையன்கள் தோளும் தொடையுமாக இருக்கிறார்கள். மோதினால் இவன்தான் விழுகிறான். ஜிம்மில் சேர்த்துவிடச் சொல்லி தினமும் நச்சரிக்கிறான். வெயிட் தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்கிறார் என் கணவர். ஒரு மாதமாக இடது முழங்காலுக்குக் கீழே வலி வேறு. என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரி, கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வலியை முதலில் பார்ப்போம். ஜிம் பேச்சு அப்புறம்.

மகனை உட்காரவைத்து, முழங்கால் சில்லுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே தொட்டுப் பாருங்கள். எலும்பில் சின்ன மேடு தட்டுப்படும். அதை அழுத்தினால் சுரீரென்கிறதா? ஓடிக் குதித்தால் வலி கூடி, ஓய்வெடுத்தால் அடங்குகிறதா? அப்படியென்றால் அது 'ஆஸ்குட் ஷ்லாட்டர்' ஆக இருக்கலாம். ஓடியாடும் பிள்ளைகளுக்கு வளர்கிற வயதில் சாதாரணமாக வருவது. தொடையின் முன்தசை கடைசியில் அந்த மேட்டில்தான் போய்ப் பிடிக்கிறது. அந்த இடம் இந்த வயதில் இன்னும் இறுகாத குருத்து. எலும்பு நீள்கிற வேகத்துக்குத் தசை நீள்வதில்லை. அதனால் பந்தை உதைக்கும்போதும் குதிக்கும்போதும் தசை அந்தக் குருத்தைப் பிடித்து இழுக்கிறது. வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். இருந்தாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வீக்கமோ, நொண்டலோ, தூக்கத்தைக் கெடுக்கும் வலியோ இருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

உங்கள் கணவரின் பயம் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் முறையாகச் செய்யும் வலுப்பயிற்சியால் வளர்த்தி நின்றுபோகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தகுந்தவர் கூட நின்று கற்றுக்கொடுத்தால் பிள்ளைகள் செய்யலாம் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் சொல்கிறது. வேகமாக ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. அதைத் தாங்கும் எலும்பை ஒரு சின்ன டம்பெல் ஒன்றும் செய்துவிடாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாதபோது, 'யார் அதிகம் தூக்குவது' என்று நண்பர்களோடு போட்டி போடுவார்கள் பாருங்கள், அதில்தான் முதுகும் தோளும் போகும்.

அவன் ஒல்லியாக இருப்பதற்குக் கவலைப்பட வேண்டாம். ஆண் பிள்ளைகளுக்கு முதலில் உயரம் பாயும், சதைப்பற்றும் வலுவும் அதற்குச் சில மாதங்கள் பின்னால்தான் வரும். ஒரே வருடத்தில் பிறந்த பையன்களிலேயே ஒருவன் வளர்ந்து முடித்திருப்பான், இன்னொருவன் தொடங்கியே இருக்க மாட்டான். இங்கிலாந்தில் கால்பந்து கிளப்புகள் இளம் ஆட்டக்காரர்களுக்கு நடத்தும் அகாடமிகளில் வயதை விட்டுவிட்டு, உடல் முதிர்ச்சியை வைத்துக் குழு பிரித்து ஆடவைப்பதும் உண்டு. இதை அவனிடம் எடுத்துச் சொல்லுங்கள். தன்னிடம் ஏதோ குறை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தால் அது போக வேண்டும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். வலி அடங்கியபின், ஒரு படிக்கட்டு உயரத்திலிருந்து இரண்டு காலாலும் குதிக்கச் சொல்லி நேர் எதிரே நின்று பாருங்கள். தரையைத் தொடும் நொடியில் முழங்கால்கள் உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கிச் சரிகின்றனவா? 'தொப்'பென்று சத்தம் கேட்கிறதா? அப்படியானால் அவன் இன்னும் வெயிட்டுக்குத் தயாரில்லை. கால்பந்தில் முழங்கால் தசைநார் கிழிவது பல நேரம் யாரும் இடிக்காமலே, ஓடிவந்து சடாரென்று நிற்கும்போதும் திரும்பும்போதும்தான். ஆகவே முதல் பாடம் இறங்குவதும் நிற்பதும். முழங்கால் பாதவிரல்களுக்கு நேராக, இடுப்பு பின்னால் தணிந்து, பூனை குதித்த மாதிரி சத்தமில்லாமல். இது இரண்டு காலில் கைவந்தபிறகு ஒற்றைக் காலில்.

இதற்கென்றே ஃபிஃபா உருவாக்கிய '11+' என்ற வார்ம்-அப் இருக்கிறது. 20 நிமிடம், 15 பயிற்சி, பந்தைத் தவிர எதுவும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுவரையான 1,892 பெண் ஆட்டக்காரர்களை வைத்து நடத்திய ஆய்வு 2008-ல் வெளியானது. இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. வாரத்தில் இரண்டு முறையாவது செய்தால்தான் பலன். அதில் மண்டியிட்டு முன்னால் மெல்லச் சாயும் பயிற்சி ஒன்று வரும். தொடையின் பின்தசைக்கு அருமையானது. ஆனால் உங்கள் பையனுக்கு மண்டியிட்டாலே அந்த மேடு வலிக்கும், இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

இதெல்லாம் ஒழுங்காக வந்தபின் ஜிம்முக்குப் போகட்டும். வாரம் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கித் தணிவது), தண்டால், பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராகப் பிடிப்பது) எல்லாம் முதலில் சொந்த உடல் எடையில். முறை கெடாமல் 12, 15 தடவை செய்ய முடிந்தால் கொஞ்சம் எடை கூட்டலாம். கடைசித் தடவையில் முதுகு வளைந்தால் எடை அதிகம் என்று அர்த்தம். அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்ற சோதனை இப்போது வேண்டவே வேண்டாம். மாட்ச்சுக்கு முந்தின நாள் வெயிட் கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். இதில் பிடிவாதமாக இருங்கள்.

மாதம் ஒருமுறை சுவரில் நிறுத்தி உயரத்தைக் குறித்து வையுங்கள். வேகமாக வளரும் மாதங்களில் குதிப்பதையும் ஓட்டத்தையும் கொஞ்சம் குறைக்கச் சொல்லி கோச்சிடம் பேசலாம்.

இன்னொன்று. வலிக்கிறது என்று உங்களிடம் சொன்னவன், டீமிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று பயந்து கோச்சிடம் மறைத்திருக்கக்கூடும். இந்த வயதில் நிறையப் பேர் அப்படித்தான். அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், எங்கே எப்போது வலிக்கிறது என்று அவனே சொல்லட்டும்.