26 அடி வள்ளத்தை இரண்டடிக்குள் செய்வது எப்படி?

கேள்வி: உவரிப் பக்கம் எங்கள் ஊர். தாத்தா கடலுக்குப் போன மர வள்ளம் கரையேற்றிக் கிடக்கிறது. வீட்டில் எல்லாரும் ஃபைபர் படகுக்கு மாறிவிட்டதால் இனி அது கடல் பார்க்காது. உளுத்துப் போகுமுன் அதை அப்படியே மரத்தில் சின்னதாகச் செய்து வைக்க ஆசை. அலமாரி இரண்டடி நீளம். டேப் வைத்தால் 27 அடி வருகிறது. பெரியவர்கள் 17 முழம் என்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது? எந்த ஸ்கேலில் செய்வது? கையில் 9 மி.மீ. பிளைவுட் இருக்கிறது. குளத்தில் விட்டால் மிதக்கவும் வேண்டும்.

பதில்: இரண்டையும் எடுக்க வேண்டாம். டேப்பை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் பிடித்து, பக்கப் பலகையை ஒட்டியே பின்புறம் வரை இழுத்திருப்பீர்கள். வள்ளம் நடுவில் வெளியே புடைத்து, இரு முனையிலும் மேலே ஏறும். டேப்பும் அந்த வளைவோடு போவதால் நீளம் கூடித்தான் காட்டும். முழக் கணக்கோ ஆளுக்கு ஆள் கை மாறுவது. ஒன்றரை அடி ஒரு முழம் என்றால் 17 முழம் 25½ அடி. உண்மையான நீளம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அணியத்தின் நுனியிலிருந்து ஒரு தூக்குக்குண்டு, பின்முனையிலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டு, மணலில் அவை தொடும் இரண்டு இடத்திலும் முளை அடியுங்கள். முளைக்கும் முளைக்கும் உள்ள நேர்தூரம்தான் படகின் நீளம். கணக்குக்காக இங்கே 26 அடி என்று வைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது ஸ்கேல். அலமாரி 24 அங்குலம், படகு 26 அடி, ஆகவே 1:13 என்று வகுத்துப் போடத் தோன்றும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு அளவுக்கும் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நூறு தடவை தட்டினால் இரண்டு தடவையாவது தவறும். ஸ்கேலைத் தீர்மானிக்க வேண்டியது அலமாரி இல்லை. படகிலேயே மெல்லிய பலகை எது, அதை எவ்வளவு மெல்லிசாக உங்களால் இழைக்க முடியும், உங்கள் டேப்பில் எந்தக் கோடு நேராகப் பொருந்துகிறது, இவைதான் தீர்மானிக்க வேண்டும்.

நம் ஆசாரிமார் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிக்கிறார்கள். மாடல் செய்பவனுக்கு இதைவிட நல்ல அளவுகோல் வேறு வேண்டியதில்லை. ஒரு அடியை ஒரு அங்குலமாக எடுத்தால் 1:12. ஒரு அடிக்கு ஆறு நூல் என்றால் 1:16. நாலு நூல் என்றால் 1:24. இரண்டு நூல் என்றால் 1:48. உங்கள் படகு 1:12-ல் 26 அங்குலம் வரும், அலமாரிக்குள் போகாது. 1:24-ல் 13 அங்குலம்தான். அதில் ஒரு அங்குலக் கனமுள்ள பக்கப் பலகை ஒரு மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். முதல் தடவை செய்பவர் கையில் அது நிற்காது. 1:16-ல் நீளம் 19½ அங்குலம், பலகை அரை நூல் கனம். இதையே எடுங்கள். அடியை ஆறால் பெருக்கினால் நூல் வந்துவிடும், வேறு கணக்கே இல்லை. அகலம் 5 அடி என்றால் 30 நூல். ஆழம் 2½ அடி என்றால் 15 நூல்.

மீட்டர் டேப்தான் பழக்கம் என்றால் 1:20 எடுக்கலாம். ஒரு மீட்டருக்கு ஐந்து செ.மீ. ஆனால் படகை அடியில் அளந்துவிட்டு மரத்தை மில்லிமீட்டரில் வெட்டாதீர்கள். தொடங்கின டேப்பிலேயே முடியுங்கள்.

இனி நிஜமான வேலை. ஒரு முழுப் பகலை இதற்கென்றே ஒதுக்குங்கள். மணலில் கிடக்கிற வள்ளம் ஒருபக்கம் சாய்ந்துதான் இருக்கும். கட்டை முட்டுக் கொடுத்து நிமிர்த்துங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபை இரண்டு பக்க விளிம்பிலும் பிடித்தால் சமமா இல்லையா என்று தெரிந்துவிடும். பிறகு முன்பின் முளைகளுக்கு நடுவே தங்கூஸ் நரம்பை (நைலான் தூண்டில் இழை) கட்டுங்கள், அதுதான் நடுக்கோடு. அது ஏராக்கட்டைக்கு (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை, சுருக்கமாக ஏரா) அடியில் ஓடுவதால் அங்கிருந்து அளக்க முடியாது. ஆகவே அதற்கு இணையாக, சரியாக 4 அடி தள்ளி வெளியே இன்னொரு நரம்பைக் கட்டி, அதில் இரண்டு அடிக்கு ஒரு குறி வையுங்கள். அணியத்தின் பக்கமும் பின்முனைப் பக்கமும் வளைவு வேகமாக மாறும். அங்கே மட்டும் ஒரு அடிக்கு ஒரு குறி.

நேரான ஒரு கம்பில், ஏராவின் அடிமட்டத்தைப் பூஜ்யமாகக் கொண்டு அரை அடிக்கு ஒரு கோடு போட்டு, அதை ஒவ்வொரு குறியிலும் ரசமட்டம் பார்த்து நிமிர்த்திப் பிடியுங்கள். ஒவ்வொரு கோட்டிலிருந்தும் பலகை வரை படுக்கை மட்டமாக அளந்து, அதை 4 அடியில் கழித்தால் அந்த இடத்தில் படகின் பாதி அகலம். உதாரணமாக, கம்பிலிருந்து பலகைக்கு 1¾ அடி என்றால் பாதி அகலம் 2¼ அடி. மாடலில் 13½ நூல். ஒருவர் அளந்து சொல்ல, இன்னொருவர் நோட்டில் எழுத வேண்டும். ஒரு பக்கம் போதுமே என்று தோன்றும். மறுபக்கத்தையும் எடுங்கள். வருடக்கணக்காக வெயிலில் கிடந்த மரம் இரு பக்கமும் ஒரேபோல் இருக்காது. சின்ன வித்தியாசம் என்றால் சராசரி போடுங்கள். பெரிதாக இருந்தால் எந்தப் பக்கம் உருக்குலைந்தது என்று கண்ணால் பார்த்து நல்ல பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வங்குகள் (பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலா எலும்பு போன்ற வளைகட்டைகள்) எத்தனை, ஒன்றுக்கொன்று இடைவெளி என்ன, பாய்மரம் எங்கே ஊன்றியது, குறுக்குப் பலகைகள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதையும் எழுதுங்கள். படமும் எடுங்கள், ஆனால் படத்தை நம்பி அளவு எடுக்காதீர்கள். கிட்ட நின்று எடுத்தால் அணியம் பெரிதாகவும் பின்புறம் சிறிதாகவும் விழும். தள்ளி நின்று, படகின் பக்கத்தில் அடிக்குறி போட்ட கம்பைச் சாத்தி எடுங்கள். ஊரில் பழைய ஓடாவி, அதாவது படகு கட்டும் ஆசாரி, யாராவது இருந்தால் கட்டாயம் கூட்டிவந்து காட்டுங்கள். எந்தப் பலகை பிற்பாடு மாற்றியது, எந்த வங்கு தப்பாகப் போட்டது என்று டேப்புக்குத் தெரியாததை அவர்கள் சொல்வார்கள்.

நோட்டில் உள்ளதைக் கிராஃப் தாளில் பக்கத் தோற்றம், மேல் தோற்றம், குறுக்குவெட்டு என மூன்று படமாக வரையுங்கள். புள்ளிகளை வளைகோட்டால் இணைக்கத் தென்னை ஈர்க்கை எடுப்பார்கள். அது நுனியில் மெலிவதால் ஒருபக்கமே வளையும். ஒரே கனமாகச் சீவிய மூங்கில் சிம்புதான் சரி. சிம்பு ஒரு புள்ளியைத் தொட மறுத்தால், அநேகமாக அந்த அளவு தவறு. திரும்பப் போய் அளந்துவிட்டு வாருங்கள்.

அரை அடிக்கு ஒரு கோடு போடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அரை அடி என்பது 1:16-ல் மூன்று நூல். மூன்று நூல் கனத்தில் ஐந்து பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 15 நூல், அதாவது படகின் முழு ஆழம். ஒவ்வொரு பலகையையும் அதன் மேல்விளிம்பு உயரத்தில் எடுத்த பாதி அகலங்களின்படி வெட்டி, நடுவைக் குடைந்துவிட்டு ஒட்டினால், வெளிப்புறம் படிக்கட்டுப்போல் நிற்கும். படியின் உள்மூலைகள்தாம் உங்கள் அளவு. நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் சீவி, உள்மூலைக் கோடு மறையத் தொடங்கும் இடத்தில் உளியை நிறுத்துங்கள். அணியம் மேலே ஏறுவதற்கு முன்பக்கத்தில் மட்டும் கூடுதலாக ஒரு துண்டு வைக்க வேண்டிவரும். உள்ளே சீவி முடித்ததும் வங்குகளை ஒட்டுங்கள்.

உங்கள் 9 மி.மீ. பிளைவுட்டை இதற்குத் தொடாதீர்கள். மூன்று நூல் என்பது 9½ மி.மீ. பலகைக்கு அரை மி.மீ. வீதம் ஐந்து பலகைக்கு 2½ மி.மீ. குறையும், பதினாறால் பெருக்கினால் தாத்தாவின் வள்ளத்தில் ஒன்றரை அங்குல ஆழம் காணாமல் போகும். சீவினால் விளிம்பில் வரிவரியாகவும் தெரியும். மாடலை நிறுத்திவைத்து வேலை செய்ய அடிப்பலகையாக அது உதவும்.

மரம் எது? தேக்கு நன்றாக இழையும், பழைய மரக்கடையில் வீடு பிரித்த உத்திரத் துண்டாகக் கிடைத்தால் பதப்பட்டும் இருக்கும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைத்த பிறகே ஃபெவிகால் தடவ வேண்டும். அதன் ரேகையும் சின்னப் படகில் பெரிதாகத் தெரியும். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைந்த மஞ்சள் கடம்பு ரேகை நெருக்கமானது, எனக்கு அதுதான் பிடிக்கும். வேம்பு வேண்டாம், நார் மாறிமாறி ஓடுவதால் இழைப்புளி பிய்த்துவிடும். எந்த மரமானாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒட்டாதீர்கள். அப்போது மரம் ஈரம் குடித்து அகலவாக்கில் ஊதியிருக்கும். சித்திரை வெயிலில் சுருங்கும்போது ஒட்டு விட்டுப்போகும்.

மிதப்பதைப் பற்றி. நீளம் பதினாறில் ஒன்று, பாயின் பரப்பு 256-ல் ஒன்று, எடையோ 4096-ல் ஒன்று. வள்ளமும் ஆளும் வலையுமாக ஒரு டன் என்றால் மாடல் 244 கிராம்தான் இருக்க வேண்டும். குடையாமல் முழுக்கட்டையாக விட்டால் எடை அதைப்போல் மூன்று மடங்குக்குப் போய், படகு பாதிக்கு மேல் தண்ணீரில் அமுங்கி நிற்கும். சமையலறைத் தராசில் வைத்து வைத்துப் பார்த்துக் குடையுங்கள். 200 கிராமுக்குள் வந்துவிட்டால் நல்லது, மிச்சத்துக்கு வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை அடியில் ஏராவை ஒட்டி வைக்கலாம்.

பாய் விரித்து ஓட்டுவதென்றால் அது மட்டும் போதாது. காற்றை நாம் சின்னதாக்க முடியாது. அதே காற்று அடித்தால் இந்த மாடல் பெரிய வள்ளத்தைவிடப் பதினாறு மடங்கு சுலபமாகச் சாயும். ஏராவுக்குக் கீழே மூன்று அங்குலம் இறங்குகிற மாதிரி ஒரு தகடும் அதன் நுனியில் ஈயமும் கழற்றி மாட்டும்படி வையுங்கள். குளத்தில் மாட்டிவிட்டு, அலமாரியில் கழற்றிவிடலாம். ஈயம் கூடும் அளவுக்கு மாடல் 244 கிராமைத் தாண்டிக் கொஞ்சம் ஆழமாகத்தான் மிதக்கும். ஆடிக் காற்றில் விடவேண்டாம்.

துடுப்பு, குறுக்குப் பலகை, கயிறு எல்லாம் வைத்த பிறகு, அட்டையில் நாலு அங்குல உயரத்துக்கு ஒரு ஆளை வெட்டி உள்ளே நிறுத்துங்கள். 5 அடி 4 அங்குல மனிதர் 1:16-ல் சரியாக நாலு அங்குலம். துடுப்பு அவர் கைக்குத் தடியாக இருக்கிறதா, பலகை உட்கார முடியாத உயரத்தில் இருக்கிறதா என்று அப்போது தெரியும். 12 மி.மீ. கயிறு முக்கால் மி.மீ. நூலாக வேண்டும், மெழுகு தேய்த்த பருத்தி நூல் போதும்.