பிரவுசரில் திறந்தால் பழைய ஆபீஸ் மெயில்கள் எங்கே?

கேள்வி: புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். மாதத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆபீஸில் அவுட்லுக் வைத்திருக்கிறேன். வீட்டில் மகனுடைய லேப்டாப்பில் பிரவுசர் வழியாகத் திறந்தால் கடைசி இரண்டு வார மெயில்கள் மட்டும்தான் தெரிகின்றன. 'சென்ட்' பெட்டி காலி. மற்றதெல்லாம் அழிந்துவிட்டதா? பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்கிறது, சரி என்று கொடுக்கலாமா? வீட்டில் நெட் போனால் பிரவுசிங் சென்டரில் திறக்கலாமா?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: அழியவில்லை. எல்லாம் சேதராப்பட்டில் உங்கள் மேசைக் கணினிக்குள் பத்திரமாக இருக்கின்றன. அந்தப் 'பத்திரம்' எவ்வளவு தூரம் என்பதை அப்புறம் பார்ப்போம்.

இரண்டு வாரம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் துப்பு. சர்வர், அதாவது மெயில் முதலில் வந்து சேரும் கணினி, அதிலிருந்து மெயிலை எடுக்க அவுட்லுக்குக்கு பாப், ஐமேப் என்று இரண்டு வழிகள் உண்டு. பாப் என்பது தபால் ஆபீஸுக்குப் போய், வந்த கடிதங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவது மாதிரி. போனால் போகட்டும் என்று ஒரு நகலைச் சர்வரில் விட்டுவைக்கும். வழக்கமான அமைப்பில் 14 நாள் கழித்து அதையும் நீக்கிவிடும். பிரவுசர் காட்டுவது சர்வரில் இருப்பதை மட்டும்தான். நீங்கள் அவுட்லுக்கிலிருந்து அனுப்பியவற்றின் நகலும் அந்தக் கணினியிலேயே தங்கிவிடும், சர்வர் பக்கம் போகாது. சென்ட் பெட்டி காலியாகத் தெரிவது அதனால்தான்.

ஐமேப்பில் கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும். ஆபீஸில் பார்த்தாலும் வீட்டில் பார்த்தாலும் ஒரே பெட்டி. மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஜோஹோ மெயில் என்று தனிச் சேவை எடுத்திருக்கும் நிறுவனங்களில் பெரும்பாலும் இந்தத் தலைவலி வருவதில்லை. வெப்சைட்டுக்கு இடம் வாங்கியபோது கூடவே கிடைத்த மெயிலையே பல வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கும் சிறு நிறுவனங்களில்தான் பாப் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. உங்களுடையதும் அந்த வகை என்றே நினைக்கிறேன். முகவரிப் பெட்டியில் கம்பெனி பெயரோடு 'வெப்மெயில்' என்ற சொல்லோ, கடைசியில் 2096 என்ற எண்ணோ தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஐமேப்புக்கு மாறும்வரை பிரவுசரில் சில விஷயங்களில் கவனமாக இருங்கள். பாப் வழியில் அவுட்லுக் சர்வரின் இன்பாக்ஸை மட்டும்தான் எட்டிப் பார்க்கும். வீட்டில் இருக்கும்போது ஒரு மெயிலை 'சப்ளையர் பில்கள்' என்று புது ஃபோல்டருக்குள் நகர்த்தினால், ஆபீஸ் அவுட்லுக் ஏற்கெனவே அதை இறக்கியிராத பட்சத்தில், அது அங்கே வரவே வராது. அழித்தாலும் அதே கதைதான். அதனால் படியுங்கள், பதில் போடுங்கள், ஆனால் இன்பாக்ஸை ஒழுங்குபடுத்தும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். பிரவுசரிலிருந்து அனுப்புவதும் சர்வரின் சென்ட் பெட்டியில்தான் கிடக்கும், ஆபீஸ் கணினிக்குப் போகாது. இதற்கு ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. ஒவ்வொரு பதிலிலும், மற்றவர்களுக்குத் தெரியாமல் நகல் அனுப்பும் பிசிசி கட்டத்தில் உங்கள் முகவரியையே போட்டுவிடுங்கள். அந்த நகல் இன்பாக்ஸில் விழும், அங்கிருந்து அவுட்லுக் இறக்கிக்கொள்ளும். வீட்டில் படித்த மெயில் மறுநாள் ஆபீஸில் படிக்காதது போலத் தடித்த எழுத்தில் நிற்கும். அதற்குப் பதற வேண்டாம், பாப்புக்குப் படித்தது படிக்காதது தெரியாது.

நிரந்தரத் தீர்வு என்றால் ஐ.டி. ஆளிடம் ஐமேப்புக்கு மாற்றச் சொல்வதுதான். இருக்கும் பாப் கணக்கை அப்படியே திருப்பிவிட முடியாது. அதே முகவரியை ஐமேப் கணக்காகப் புதிதாகச் சேர்த்து, பழைய மெயில்களை அதற்குள் இழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் இரண்டு வேலைகள். ஒன்று, டாக்குமெண்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கும் பிஎஸ்டி கோப்பை, அவுட்லுக்கை மூடிவிட்டு, வேறொரு டிஸ்கில் நகலெடுப்பது. உங்கள் பல வருடக் கடிதங்கள் பெரும்பாலும் அந்த ஒரே கோப்பில்தான் இருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஊரே தண்ணீரில் நின்றது உங்களுக்கே தெரியும். மேசைக்கு அடியில் தரையில் உட்கார்ந்திருக்கும் கணினியை நினைத்துப் பாருங்கள். மேலே சொன்ன 'பத்திரம்' அவ்வளவுதான். இரண்டாவது, சர்வரில் உங்களுக்கு எவ்வளவு இடம் என்று கேட்டுக்கொள்வது. பழையதை எல்லாம் ஏற்றிப் பெட்டி நிரம்பிவிட்டால் புது மெயில்கள் திரும்பிப் போக ஆரம்பிக்கும். ஜிஎஸ்டிக்கு 20ஆம் தேதி நெருங்கும் வாரத்தில் இந்தக் காரியத்தில் இறங்கவே வேண்டாம்.

பாஸ்வேர்டு விஷயத்துக்கு வருவோம். மகனுடைய குரோமில் அவருடைய கூகுள் கணக்கு சிங்க் ஆகிக்கொண்டிருந்தால், நீங்கள் 'சேமி' என்று கொடுக்கும் பாஸ்வேர்டு அவருடைய கணக்கில் போய் உட்காரும். நாளைக்கு அவர் ஃபோனிலும் இருக்கும். பையன் நல்லவன்தான், ஆனால் ஃபோன் யார் கைக்கெல்லாம் போகிறதோ. லேப்டாப்பில் உங்களுக்கென்று தனி விண்டோஸ் யூசர் ஒன்று உருவாக்கி, அதற்கு பாஸ்வேர்டும் வைத்துவிடுங்கள். அதற்குள் சேமித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. குரோமில் தனி புரொஃபைல் மட்டும் வைத்தால் போதாது, ஒரு கிளிக்கில் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்துவிடலாம்.

பிரவுசிங் சென்டர் வேண்டாம். உங்கள் ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்துக்கொள்ளுங்கள். சில வருடம் முன்பு திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சென்டரில் பிரிண்ட் எடுக்க உட்கார்ந்தேன். மெயில் பக்கத்தைத் திறந்தால், எனக்கு முன்னால் இருந்தவரின் சம்பளப் பட்டியல் முதல் வரியில் நிற்கிறது. அவர் டேபை மூடிவிட்டு எழுந்து போயிருக்கிறார், அவ்வளவுதான். லாகின் ஆனதும் சர்வர் ஒரு அடையாளச் சீட்டைப் பிரவுசரிடம் கொடுத்து வைக்கிறது. டேபை மூடினாலும் சீட்டு அங்கேயே இருக்கும். 'சைன் அவுட்' கொடுத்தால்தான் உடனே செல்லாததாகும்.

வேறு வழியே இல்லை என்றால், மூடியதும் பிரவுசர் எல்லாவற்றையும் மறந்துவிடும் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து, அட்டாச்மெண்டை டவுன்லோட் செய்யாமல் அங்கேயே பார்த்து, சைன் அவுட் செய்து, எல்லா இன்காக்னிட்டோ ஜன்னல்களையும் மூடுங்கள். ஆனால் விசை அழுத்தங்களைப் பதிவு செய்யும் திருட்டு மென்பொருள் அந்தக் கணினியில் இருந்தால் இன்காக்னிட்டோவால் தடுக்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிடுவது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே லாகின் செய்யுங்கள்' என்று ஒரு மெயில் வரும். கிளிக் செய்தால் உங்கள் வெப்மெயில் போலவே ஒரு பக்கம், பூட்டுப் படம் உட்பட. பூட்டு இருந்தால் அசல் என்று அர்த்தமில்லை. அந்த லிங்கைத் தொடாமல், நீங்களே சேமித்து வைத்த புக்மார்க்கிலிருந்து மட்டும் திறங்கள். கணக்குப் பிரிவு ஆட்களுக்கு இந்த வலை கூடுதலாகவே வீசப்படும், ஏனென்றால் உள்ளே நுழைந்தவன் அடுத்துச் செய்வது, சப்ளையர் பெயரில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று எழுதுவது. அப்படி வந்தால் பழைய எண்ணில் ஃபோன் போட்டுக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். தவறிப்போய் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டால் உடனே மாற்றுங்கள். உங்களுக்கு வரும் மெயில்கள் வேறு முகவரிக்கும் தானாகப் போகும்படி யாராவது அமைத்திருக்கிறார்களா என்று ஐ.டி. ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.