உப்சாலாவில் பிறந்த நடிகையும் உங்கள் மகளின் விண்ணப்பமும்

அன்புள்ள சார்,

ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு நீங்கள் போட்ட மெயிலைத் திங்கள் காலை பஸ்ஸிலேயே படித்துவிட்டேன். "ஸ்வீடிஷ் வகுப்பில் அந்த நடிகையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், அதில் வந்த வினை. இத்தனை நாள் இன்ஜினீயரிங்குக்கு வழிவிடும் டெக்னிக் பிரிவு என்றவள் இப்போது தியேட்டர்தான் என்கிறாள். நடிப்பு சோறு போடுமா மேடம்?" என்று கேட்டிருந்தீர்கள். சில மாதம் போடும், சில மாதம் போடாது. போடாத மாதங்களை எப்படித் தாண்டுவது என்று யோசித்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும். பள்ளியில் படிப்பு, தொழில் ஆலோசனை சொல்பவள் என்ற முறையில் போன வாரம் உங்கள் மகளிடம் ஒரு மணி நேரம் பேசியதும் அதைப் பற்றித்தான். என்ன பேசினோம் என்று உங்களுக்கும் தெரியட்டும். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விவேகா லிண்ட்ஃபோர்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் நம்மூர்ப் பெண்ணோ என்று நினைத்ததாக எழுதியிருந்தீர்கள். படித்துச் சிரித்துவிட்டேன், எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அவர் 1920 டிசம்பர் 29 அன்று ஸ்வீடனில் நீங்கள் இப்போது குடியிருக்கும் இதே உப்சாலாவில் பிறந்தவர். உங்கள் மகள் அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் அதுதான். "நம்ம ஊர்க்காரங்க, மிஸ்" என்றாள். உப்சாலாவை அவள் "நம்ம ஊர்" என்று சொன்னது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

நீங்கள் கூகுளில் தேடிப் பார்த்து, "ஹாலிவுட் போய்த் தேறாதவர் போலிருக்கிறது. ஆபீஸில் ஸ்வீடன்காரர்களிடம் கேட்டேன், பாதிப் பேருக்குப் பெயரே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகளின் ஸ்லைடுகளிலோ வேறு கதை: ஹாலிவுட் நாயகன் எரோல் ஃப்ளின்னோடு படம், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ரானல்ட் ரேகனோடு படம், பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக்கரடி விருது, அமெரிக்க டிவிக்கான எம்மி விருது. இரண்டுமே உண்மை, இரண்டுமே பாதிதான். அதனால் ஒரு ஏ3 தாளைக் குறுக்காக வைத்து, 1940 முதல் 1995 வரை ஒரு கோடு போட்டேன். அவருடைய முதல் படம் வந்த வருடத்திலிருந்து அவர் இறந்த வருடம் வரை, மொத்தம் 55 வருடம். உங்கள் மகளிடம் இரண்டு பேனா கொடுத்தேன். யாரோ கூப்பிட்டுக் கொடுத்த வேலை சிவப்பு, தானே உண்டாக்கிக்கொண்ட வேலை பச்சை. எந்தத் தொழிலைப் பற்றிக் கேட்டு யார் வந்தாலும் நான் இந்தக் கோட்டைப் போடச் சொல்வேன். டாக்டருக்கும் போடலாம், இன்ஜினீயருக்கும் போடலாம். நடிகருக்குப் போட்டால்தான் நிறம் ரொம்பத் தெளிவாகப் பிரியும்.

கோட்டின் இடது பக்கம் பூராவும் சிவப்பு. ஸ்டாக்ஹோமில் டிராமாட்டன் என்கிற அரச நாடக அரங்கின் நடிப்புப் பள்ளியில் படித்தவர் அவர். ஹாலிவுட்டில் பெரிய நட்சத்திரங்களான ஸ்வீடன்காரர்கள் கிரேட்டா கார்போவும் இங்க்ரிட் பெர்க்மனும் அதே பள்ளிதான். பெர்க்மன் ஒரு வருடத்திலேயே சினிமாவுக்குப் போய்விட்டார். போர்க்காலத்தில் லிண்ட்ஃபோர்ஸ் ஸ்வீடிஷ் மேடையிலும் படங்களிலும் பெயர் எடுத்தார். 1946இல் ஹாலிவுட் ஸ்டுடியோ வார்னர் பிரதர்ஸ் அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டது. வயது 25. உங்கள் மகளின் ஸ்லைடுகள் இந்த இடத்தில்தான் பளபளக்கின்றன.

நான் அவளை நிறுத்தியதும் இந்த இடத்தில்தான். ரேகனோடு நடித்த அந்த முதல் அமெரிக்கப் படம் எப்போது எடுத்தார்கள், எப்போது வெளியானது என்று பார்க்கச் சொன்னேன். போனில் தேடினாள். 1946, 47இல் எடுத்த படம் தியேட்டருக்கு வந்தது 1949இல். ஸ்டுடியோ அதை அலமாரியில் போட்டு வைத்திருந்தது. அதற்குப் பிறகு நடித்த ஃப்ளின் படம் 1948இலேயே வந்துவிட்டது. புது நாட்டுக்கு வந்த ஒரு பெண், தான் முதலில் செய்த வேலையை யாரும் பார்க்காமலே இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருக்கிறாள். சம்பளம் வந்திருக்கும். ஆனால் நடிகைக்குச் சம்பளம் மட்டும் போதாது, நாலு பேர் பார்த்தால்தான் அடுத்த வேலை. உங்கள் மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதை நான் ஸ்லைடில் போடவே இல்லையே" என்றாள்.

அடுத்தது பேச்சுச் சாயல். ஹாலிவுட்டில் அவருக்கு வந்த வேடங்களில் பெரும்பாலானவை 'வெளிநாட்டுப் பெண்'. அரசியாக இருக்கலாம், அகதியாக இருக்கலாம், எப்படியும் அந்நியள். அங்கே இன்னொரு கார்போவை, இன்னொரு பெர்க்மனை எதிர்பார்த்தார்கள்; அவர் யாருக்கும் இன்னொருவராக இருக்கவில்லை. அவர் மேடைக்குத் திரும்பினார். 1954 டிசம்பர் கடைசியில் நியூயார்க் பிராட்வேயில் அனஸ்தேசியா நாடகத்தில் தலைப்பு வேடம்: கொல்லப்பட்ட ரஷ்யச் சக்கரவர்த்தியின் மகள் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் பெண். மறு வருடம் செப்டம்பர் வரை ஓடியது. அவர் வாழ்க்கையின் பெரிய மேடை வெற்றி அது.

அந்த நாடகம் 1956இல் படமானபோது அதே வேடம் இங்க்ரிட் பெர்க்மனுக்குப் போனது. பெர்க்மனுக்கு அதில் ஆஸ்கர் கிடைத்தது.

இதைச் சொன்னதும் உங்கள் மகள் "அது அநியாயம்!" என்று கத்தினாள், பக்கத்து அறை ஆசிரியர் எட்டிப் பார்த்தார். ஆமாம், அநியாயம்தான். ஆனால் இந்தத் தொழிலில் இது விபத்து இல்லை, வழக்கம். மாதக்கணக்கில் மேடையில் வாழ்ந்து காட்டியவரைவிட, போஸ்டரில் பெயர் பெரிதாக நிற்பவரைத்தான் சினிமா தேடும். "இது உனக்கு நடந்தால் மறுநாள் காலையில் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். பதில் சொல்லத் தெரியவில்லை. பதினைந்து வயசுக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் கேள்வி மனசில் விழுந்துவிட்டது.

லிண்ட்ஃபோர்ஸ் என்ன செய்தார்? படம் வந்த அதே 1956இல் நியூயார்க் சிட்டி சென்டரில் நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ் ஷேக்ஸ்பியரின் லியர் அரசனாக நடித்தபோது, லியரின் கடைசி மகள் கார்டீலியாவாக நின்றார். (வெல்ஸ் காலை உடைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து லியர் பேசிய கூத்தும் அதில்தான். அதைச் சொன்னபோதுதான் உங்கள் மகள் மறுபடி சிரித்தாள்.) 1962இல் பெர்லினில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக்கரடி, ரீட்டா காம் என்ற நடிகையோடு பகிர்ந்துகொண்டது. பெரிய ஸ்டுடியோப் படத்துக்கு இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தரின் நாடகத்தை எடுத்த படத்துக்கு, ஒரே அறைக்குள் நடக்கும் கதை.

அதற்குப் பிறகுதான் கோட்டில் பச்சை ஏற ஆரம்பிக்கிறது. ஐம்பதைத் தாண்டிய நடிகைக்கு வேடம் குறையும். அன்றும் அப்படி, இன்றும் அப்படி. 1970களில் அவர் தனி ஆளாக ஒரு நிகழ்ச்சியை உருவாக்கினார். ஒரே நடிகை, பல பெண்களின் குரல்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 1987இல், 66 வயதில், தானே எழுதி இயக்கி ஒரு படம் எடுத்தார். 1990இல் டிவி தொடர் ஒன்றில் விருந்தினர் வேடத்துக்கு எம்மி. 1994இல், 73 வயதில், பெரிய பட்ஜெட் அறிவியல் புனைகதைப் படம் ஒன்றில் ஒரு வேடம். 1995இல் ஸ்வீடிஷ் நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க்கைப் பற்றிய நாடகத்தோடு ஸ்வீடனுக்கு வந்தார். அந்த அக்டோபரில், பிறந்த ஊரான உப்சாலாவிலேயே காலமானார்.

தாளை முடித்துவிட்டு உங்கள் மகள் எண்ணிப் பார்த்தாள். நட்சத்திரம் என்று ஊரே கொண்டாடிய வருடங்கள் கோட்டில் ஒரு சாண்கூட இல்லை. வேலை இருந்த வருடங்களோ கடைசி வரை. நீங்கள் கூகுளில் 'தேறாதவர்' என்று பார்த்தது அந்தச் சாணை வைத்து. சார், ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆபீஸில் எழுபத்து மூன்று வயதில் யாராவது வேலைக்குக் கூப்பிடப்படுகிறார்களா?

சரி, இனி நம் கணக்கு.

ஒன்பதாம் வகுப்பு முடித்துப் போகிற மூன்று வருட மேல்நிலைப் படிப்பில் அழகியல் பிரிவு, அதில் தியேட்டர் பாதை என்பது உங்கள் மகளின் ஆசை. "அதை எடுத்தால் இன்ஜினீயரிங் கதவு அடைந்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிரிவும் உயர்கல்விக்குத் தகுதி தருகிற பிரிவுதான். ஐந்து வருட இன்ஜினீயரிங்குக்கு வேண்டிய மேல்மட்டக் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் அதில் அடங்காது என்பது நிஜம். ஆனால் விட்ட பாடங்களைப் பிறகு கொம்வுக்ஸில், அதாவது பெரியவர்களுக்கான பள்ளியில், எழுதித் தகுதி சேர்த்துக்கொள்ளலாம். டெக்னிக் கல்லூரிகளில் ஆயத்த வருடமும் இருக்கிறது. நம் ஊரில் பிளஸ் டூவில் குரூப் மாறினால் வாழ்க்கையே மாறிவிட்டது என்று பழகியவர்கள் நாம், நானும்தான். இங்கே ஒரு வருடம் கூடப் போகும், அவ்வளவே. ஆனால் அந்த ஒரு வருடம் யாருடையது என்று அவளிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

நடிப்புப் பட்டப்படிப்பு ஸ்டாக்ஹோம், யோட்டெபோரி, மால்மோ, லூலியோ என்று நான்கு இடங்களில், மூன்று வருடம். லிண்ட்ஃபோர்ஸ் படித்த டிராமாட்டன் பள்ளி 1964இல் அரங்கிலிருந்து பிரிந்து அரசுப் பள்ளியானது. இன்றைய ஸ்டாக்ஹோம் படிப்பு அந்த வழிவந்தது. மார்க்கைப் பார்த்து எடுப்பதில்லை. தனிமொழியும் காட்சியும் தயாரித்துக்கொண்டு போய் நடித்துக் காட்ட வேண்டும், சுற்றுச் சுற்றாக வடிகட்டுவார்கள். கூட்டம் பெரிது, இடம் விரல்விட்டு எண்ணலாம். முதல் தடவையிலேயே கிடைத்துவிடும் என்று அவளிடம் யாரும் சொல்ல வேண்டாம். பலர் நடுவில் ஃபோல்க்ஹோக்ஸ்கோலாவில், அதாவது பெரியவர்களுக்கான மக்கள் கல்லூரியில், ஒன்றிரண்டு வருடம் தியேட்டர் படித்துவிட்டு மறுபடி மறுபடி போகிறார்கள். கல்விக் கட்டணம் இரண்டுக்கும் கிடையாது; சாப்பாடு, அறை வாடகை உங்கள் பொறுப்பு. உங்களுக்கு நிரந்தர வசிப்பு அனுமதி வந்துவிட்டதாகச் சொன்னீர்கள், ஆகவே சிஎஸ்என் என்கிற அரசு மாணவர் நிதி அலுவலகத்தின் உதவித்தொகைக்கும் கடனுக்கும் வழி இருக்கும். கடன் கடன்தான், மறந்துவிடாதீர்கள்.

படித்து முடித்த பிறகு? இதில்தான் லிண்ட்ஃபோர்ஸுக்கு அமெரிக்காவில் கிடைக்காத ஒன்று இங்கே உண்டு. டேயாட்டர்அலியான்சென் என்று ஒரு நிறுவனம், 1999 முதல் நடக்கிறது. தனித்தனியாக ஒப்பந்தம் பிடித்து நடிக்கும் கலைஞர்களை, இரண்டு வேலைக்கு நடுவில் இருக்கும் நாட்களில் அது பணியில் வைத்துக்கொள்கிறது. எல்லோரையும் சேர்க்காது, தொழிலில் ஏற்கெனவே காலூன்றியவர்களைத்தான். அதுவரைக்கும் பள்ளிகளில் நாடகம் சொல்லித்தருவது, குரல் கொடுப்பது, ஊர் ஊராகப் போகும் குழுக்கள் என்று ஓட்ட வேண்டும். 1933இல் தொடங்கிய ரிக்ஸ்டேயாட்டர்ன் என்ற பயண நாடக அமைப்பின் தலைமையிடம் எங்கே தெரியுமா? ஹல்லுண்டாவில். ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே, உலகத்து மொழியெல்லாம் காதில் விழும் புறநகர். ஒரு தடவை அழைத்துப் போங்கள். ரயில் டிக்கெட் செலவுதான்.

கடைசியாக, மெயிலின் அடியில் தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள்: "நம் நிறத்துக்கும் பெயருக்கும் ஸ்வீடிஷ் மேடையில் யார் கதாநாயகி வேடம் கொடுப்பார்கள்?" இதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. லிண்ட்ஃபோர்ஸ் வெள்ளைக்காரி, அழகி, ஸ்டுடியோ அழைத்துப் போனவர். அவரையே பேச்சுச் சாயல் அந்நியளாக்கியது. உங்கள் மகளுக்குப் பேச்சில் அந்தச் சிக்கல் இல்லை. அவள் பேசுவது உப்சாலா ஸ்வீடிஷ், என்னைவிட நூறு மடங்கு சுத்தம். ஆனால் முகத்தைப் பார்த்து வேடம் கொடுப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அதை உங்களைவிட அவள் நன்றாக அறிவாள் சார். வகுப்பு நாடகத்தில் இரண்டு தடவை 'பக்கத்து வீட்டு வெளிநாட்டுக்காரம்மா' வேடம் கொடுத்தார்களாம். உங்களிடம் சொல்லவில்லையாம். என்னிடம் சொன்னபோது அழவில்லை. அந்த அம்மாவுக்குத் தானே நாலு வரி வசனம் எழுதிச் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். அதைப் பச்சையில் குறிக்கச் சொன்னேன்.

என் யோசனை இதுதான். முதல் விருப்பமாகத் தியேட்டர், இரண்டாவதாக டெக்னிக் என்று போடுங்கள். ஏப்ரல், மே வாக்கில் விருப்பத்தை மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு வரும். அதுவரை கணிதத்தை விடக்கூடாது என்பதை அவளிடம் நிபந்தனையாகவே வைக்கலாம், ஒத்துக்கொண்டாள். வசந்தத்துக்குள் நகரத்தின் இளைஞர் நாடகக் குழு ஏதாவது ஒன்றில் சேர்ந்து ஒரு நிகழ்ச்சியாவது முழுதாகச் செய்யட்டும். மேடையில் இரண்டு நிமிடம், மற்ற நேரமெல்லாம் நாற்காலி அடுக்குவதாகவே இருந்தாலும் சரி. நாற்காலி அடுக்கிய பிறகும் வேண்டும் என்கிறாளா என்று பார்ப்போம்.

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு என் அறை காலியாக இருக்கும். நீங்களும் உங்கள் மனைவியும் மகளோடு வாருங்கள். அந்த ஏ3 தாள் அவளிடம்தான் இருக்கிறது, கொண்டுவரச் சொல்லுங்கள். இன்னொரு தாளும் வைத்திருப்பேன். அதில் உங்கள் கோட்டைப் போடலாம், நீங்கள் வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து. எந்த வருடத்தில் எந்த நிறம் என்று அவளுக்குத் தெரியாது.